சிவப்பு ஐ.சி.யும் ஒரு குவியல் சருகும்

"இன்னிக்கு நம்பர் என்னடி?"

தினமும் காலை ஏழரைக்கு வீரம்மாக்கா கேட்கிற கேள்வி இது. நான் வேலை செய்வது மலேசியாவில், கிள்ளானில், பழனியப்பன் அங்கிளின் போட்டோஸ்டேட் கடையில். கடை வாசலில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. தொண்ணூற்றேழாம் வருஷம் செப்டம்பரில் சுமத்ராவில் காடு எரிந்து, அந்தப் புகையெல்லாம் கடல் தாண்டி எங்கள் தலைமேல் வந்து உட்கார்ந்திருந்தது. ரேடியோவில் சொல்கிற காற்று மாசு எண்ணை நான் பலகையில் எழுதுவேன். வீரம்மாக்கா ரோட்டைக் கூட்டிக்கொண்டே வந்து, விளக்குமாற்றைத் தூணில் சாய்த்துவிட்டு, பலகை முன்னால் நிற்பார்.

"இருநூத்தி அறுபத்தி நாலுக்கா."

"முன்னால ஒரு சைபர் போட்டா நாலு நம்பர் ஆச்சு. லாட்டரியில எடுத்தா அடிக்குமா?" என்று சிரிப்பார். சிரிப்பு பாதியில் இருமலாகிவிடும்.

ஒரு நாள் நான் சும்மா இருக்க முடியாமல் 901 என்று எழுதி வைத்தேன். எதிர்க் கோப்பிக் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார். டியூஷனுக்குப் போன பிள்ளைகளை அம்மாக்கள் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பழனியப்பன் அங்கிள் என் தலையில் ஸ்டேப்ளரால் ஒன்று வைத்தார். வீரம்மாக்கா மட்டும் கூட்டிக்கொண்டே இருந்தார். "தொள்ளாயிரமோ தொண்ணூறோ, இலை விழுகுதேடி" என்றார்.

அப்போது அவருக்கு ஐம்பத்தொரு வயது. ஜெஞ்சாரோம் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பிறந்தவர். பிறந்ததைப் பதிய அவர் அப்பா மறந்துபோனாரா, பதிந்த தாளைத் தொலைத்தாரா என்று யாருக்கும் தெரியாது. தாள் இல்லாததால் பன்னிரண்டு வயதில் அவருக்குச் சிவப்பு ஐ.சி., அதாவது சிவப்பு அடையாள அட்டை, கொடுத்தார்கள். நீல ஐ.சி. என்றால் குடிமகன். சிவப்பு என்றால் இங்கே இருக்கலாம், ஆனால் இந்த ஊர்க்காரர் இல்லை. இந்த நாட்டை விட்டு ஒரு நாள்கூட வெளியே போகாதவர். சிங்கப்பூரைக்கூட டிவியில்தான் பார்த்திருக்கிறார். இருந்தும் சிவப்பு.

எஸ்டேட்டை விற்றார்கள். ரப்பர் மரம் போய், தெலுக் பங்லிமா காராங் பக்கமெல்லாம் பேக்டரி வந்தது. புருஷன் செத்துப்போனார். வீரம்மாக்கா கிள்ளானுக்கு வந்து ஆற்றோரத்தில் ஒரு பலகை வீட்டில் குடியேறினார். நிரந்தர வேலைக்கு நீல ஐ.சி. கேட்டார்கள். அதனால் சபாபதி என்ற கான்ட்ராக்டரிடம் ரோடு கூட்டுகிற வேலை. பதினெட்டு வருஷமாக அதே ரோடு.

அந்த வருஷம் ஆற்றோர வீடுகளை உடைக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். நீல ஐ.சி. உள்ளவர்களுக்கு மலிவு விலை ஃப்ளாட் உண்டு. சிவப்புக்கு என்ன என்று நோட்டீஸில் போடவில்லை. நான் பின்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அதனால்தான் வீரம்மாக்கா நீல ஐ.சி.க்கு மனுப் போடத் தயாரானார். மனுவை அக்டோபர் கடைசிக்குள் கொடுக்க வேண்டும், அப்புறம் மலாயில் வாய்மொழித் தேர்வு. மூன்றாம் பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டாலும், என் கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். கடைக்கு வருகிறவர்களுக்கு விண்ணப்ப பாரம் பூர்த்தி செய்து கொடுப்பதும் நான்தான். மத்தியானம் அங்கிள் தூங்குகிற நேரத்தில் வீரம்மாக்காவுக்குத் தேர்வு வைப்பேன்.

"தேசிய மலர் எது?"

"புங்கா ராயா. சாமிக்குப் போடுறோமே, செம்பருத்தி. அதுகூடத் தெரியாமலா இங்க ஐம்பது வருஷம் இருக்கேன்?"

"தேசிய மிருகம்?"

"சபாபதி."

இப்போது சபாபதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். புகைமூட்டம் வந்ததும் அவர் ஆபீஸுக்கு ஒரு பெட்டி மாஸ்க் வந்தது. ஆபீஸில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டார்கள். ரோட்டில் நிற்கிற ஆறு பெண்களுக்கு இல்லை. வீரம்மாக்கா கேட்டதற்கு, "வெளிய வேலை செய்றவங்களுக்கு வேர்க்கும்மா. வேர்த்தா மாஸ்க் நனைஞ்சிடும். வேஸ்ட் லா" என்றார். வீரம்மாக்கா பழைய சாரோங்கைக் கிழித்து மூக்கில் கட்டிக்கொண்டார். சாயங்காலம் அவிழ்த்தால் மூக்கு இருந்த இடத்தில் இரண்டு கறுப்பு வட்டம் இருக்கும்.

அதே வாரம் திறந்தவெளியில் எதையும் எரிக்கக் கூடாது என்று சட்டம் கடுமையானது. வீரம்மாக்காவின் ரோட்டில் வரிசையாகத் தூங்குமூஞ்சி மரங்கள். வறட்சியில் இலை மழையாகக் கொட்டியது. குப்பை லோரி முன்பு ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், இப்போது வாரம் ஒருமுறை. சபாபதி வந்து, "குவியல் ஒண்ணுகூடக் கண்ணுல படக்கூடாது. இன்ஸ்பெக்ஷன் இருக்கு" என்றார்.

"எரிக்கக் கூடாதுங்கிறாங்களே அண்ணே. லோரியும் வரல. நான் என்ன, இலையைத் திங்கவா?"

"எரின்னு நான் சொன்னேனா? குவியல் இருக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

இதில் அவர் என்ன சொன்னார் என்று வீரம்மாக்கா என்னிடம் கேட்டார். எனக்கும் விளங்கவில்லை. அதனால் வீரம்மாக்கா பதினெட்டு வருஷமாகச் செய்ததையே செய்தார். ரோட்டின் கோடியில் ஒரு ரப்பர் கையுறை பேக்டரி. அதன் புகைபோக்கி இராத்திரி பகல் பார்க்காமல் கறுப்பாகக் கக்கும். அந்த வேலியோரம் சருகைக் குவித்து, மேலே ஈர இலையைப் போட்டு, தீ எழாமல் மெல்லப் புகைய விடுவார். "அவன் புகைக்குள்ள என் புகை ஒளிஞ்சுக்கும்" என்பார்.

ஆனால் அங்கே நின்றதால் பேக்டரிப் புகை முழுக்க அவர் நெஞ்சுக்குள் போனது. ஒரு நாள் கடை வாசலில் இருமி, கால்வாயில் துப்பினார். துப்பியது கறுப்பாக இருந்தது. அதைக் காலால் மறைத்துக்கொண்டு, "வெத்தலை" என்றார். அவர் வெற்றிலை போடுவதில்லை.

அவர் இருமுகிற சத்தத்தில் எனக்குக் காப்பி எண்ணிக்கை தப்பிப்போனது. அதுதான் காரணம், வேறொன்றுமில்லை. மறுநாள் அங்கிள் தூங்கும்போது கடை போனை எடுத்தேன். அந்தப் போனில் நான் எத்தனையோ கலாட்டா செய்திருக்கிறேன். மீன் கடைக்குப் போன் செய்து திமிங்கிலம் இருக்கா என்று கேட்டிருக்கிறேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் உண்மையைச் சொல்லப் போன் செய்தேன். புகை புகார் எண்ணுக்கு. புவான் ரொஹானா, அதாவது திருமதி ரொஹானா, என்று பெயர் சொல்லி, குரலைப் பெரிய மனுஷியாக்கி, இந்த ரோட்டுக் கோடி பேக்டரி காற்றைக் கெடுக்கிறது, வந்து பாருங்கள் என்றேன்.

வந்தார்கள். மறுநாள் நாலு மணிக்கு, வெள்ளை ஜீப்பில் இரண்டு அதிகாரிகள். நான் கடை வாசலில் நின்று, உள்ளுக்குள் கைதட்டிக்கொண்டிருந்தேன். பேக்டரிக்குள் போனார்கள். பத்து நிமிஷத்தில் கையில் ஒன்றும் இல்லாமல் வெளியே வந்தார்கள். ஜீப்பில் ஏறப்போன ஒருவர் மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தார். அப்புறம் வேலியோரம் நடந்தார்.

வீரம்மாக்காவிடம் ஐ.சி. கேட்டார்கள். சாரோங் முடிச்சிலிருந்து சிவப்பு கார்டை எடுத்துக் கொடுத்தார். எண்ணை எழுதிக்கொண்டு, ஒரு சம்மன் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்தத் தாளோடு நேராகக் கடைக்கு வந்தார். "இதுல என்ன போட்டிருக்கு, படி."

படித்தேன். திறந்தவெளி எரிப்பு. அடுத்த வாரம் ஆபீஸுக்கு வந்து விளக்கம் சொல்ல வேண்டும்.

"என் ஐ.சி. நம்பர் போட்டிருக்கா?"

"போட்டிருக்குக்கா."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நீலம் கிடைக்காது" என்றார். "வீடும் போச்சு."

புவான் ரொஹானா வாயைத் திறக்கவில்லை.

பழனியப்பன் அங்கிள் ஒரு யோசனை சொன்னார். பிரிக்பீல்ட்ஸில் தியாகராசா என்று ஓய்வுபெற்ற அரசாங்கக் கிளார்க் ஒருவர் இருக்கிறார், ஆபீஸ்களுக்கு மனு எழுதுவதில் கெட்டிக்காரர் என்று. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம். கோலாலம்பூரில் பெரிய கட்டடமெல்லாம் இடுப்புக்கு மேல் காணாமல் போயிருந்தது.

தியாகராசா ஐயா எங்களை முன்னறைக்குள் உட்காரவைத்து ஜன்னலையும் கதவையும் இறுக்கமாகச் சாத்தினார். ஏர்கோன் ஓடியது. கதையை முழுக்கக் கேட்டார். "இது ஒரு சின்னக் குப்பை வழக்கில்லை, பிள்ளை. இது சமூக நீதிப் பிரச்சினை" என்றார்.

"அப்படின்னா என்னங்க ஐயா?" என்றேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். மேடைகளில் கேட்ட வார்த்தை. எல்லாரும் கைதட்டுவதால் நானும் தட்டியிருக்கிறேன்.

"ஆருக்கு என்ன கிடைக்குது, ஆருக்குக் கிடைக்கேல்லை, அதுக்கு நியாயமான காரணம் இருக்குதோ எண்டு கேக்கிறதுதான் சமூக நீதி. இப்ப பூமி சூடாகுது எண்டு வெளிநாடுகளில மாநாடு போடுகினம். சூட்டை உண்டாக்கினவன் ஒருத்தன், அதில வேகிறவன் இன்னொருத்தன். அங்கயும் இதே கேள்விதான்." பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா இந்தப் புகை விஷயத்தில மட்டும் எல்லாரும் சமம், பாருங்கோ. ஏழை பணக்காரன் எண்டு புகைக்குத் தெரியாது. எல்லாரும் ஒரே காத்தைத்தான் சுவாசிக்கிறம்" என்றார்.

நான் வீரம்மாக்கா பக்கம் திரும்பினேன். தூங்கிவிட்டிருந்தார். வாய் லேசாகத் திறந்து, தலை நாற்காலியில் சாய்ந்து, ஒரு இருமல்கூட இல்லாமல். மூன்று வாரத்தில் அவர் மூச்சு விசிலடிக்காமல் போய்வந்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

தியாகராசா ஐயாவும் பார்த்தார். அந்த ஜன்னலைப் பார்த்தார், ஏர்கோனைப் பார்த்தார். டைப்ரைட்டர் சத்தம் போடும் என்று நினைத்தாரோ என்னவோ, மூன்று பக்க மனுவையும் கையாலேயே எழுதினார். ஒரு மணி நேரம் ஆனது. நாங்கள் எழுப்பவில்லை.

ஆபீஸ் நாள் வந்தது. அதிகாரி மலாய்க்காரர், கண்ணெல்லாம் சிவந்து, அவரும் இருமிக்கொண்டிருந்தார். மூன்று பக்க இங்கிலீஷைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். வீரம்மாக்காவுக்குச் சந்தையில் பேசுகிற பாசார் மலாய்தான் வரும், ஆபீஸ் மலாய் வராது. நடுவில் நின்று மொழிபெயர்த்தது நான்.

"இலையை எரிச்சீங்களா?"

"எரிச்சேன் துவான்."

"புகைமூட்டம் தெரியும்தானே?"

"அதுக்குள்ளதான் துவான் நிக்கிறேன்."

அவர் எதையோ எழுதினார். வீரம்மாக்கா மெல்லக் கேட்டார். "பக்கத்துல பேக்டரி புகை விடுதே, துவான்?"

"அதுக்கு அனுமதி இருக்கு. புகைபோக்கி வழியா போறது வேற கணக்கு. தரையில எரிச்சாத்தான் திறந்தவெளி எரிப்பு."

இதை நான் தமிழில் சொன்னதும் வீரம்மாக்கா ஒரு கேள்வி கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, சத்தியமாக விளங்கிக்கொள்ளத்தான் கேட்டார். "அப்ப நான் குவியல் மேல ஒரு குழாயை நட்டு வச்சா சரியா?"

மொழிபெயர்த்தேன். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து, அது இருமலாகி, அதைப் பார்த்து வீரம்மாக்காவுக்கும் இருமல் வந்து, இரண்டு பேரும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருமிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி தன் தண்ணீர்க் கிளாஸை நகர்த்தி வீரம்மாக்கா பக்கம் வைத்தார்.

"எரிக்கச் சொன்னது யாரு? கான்ட்ராக்டரா? பேர் சொன்னா உங்களை விட்டுடலாம்" என்றார்.

வீரம்மாக்கா என்னைப் பார்த்தார். சபாபதி பேர் சொன்னால் அவர் கான்ட்ராக்ட் போகும். அதோடு மற்ற ஐந்து பெண்களின் வேலையும் போகும். அதில் மூன்று பேர் சிவப்பு.

"யாரும் சொல்லல துவான். இலை விழுந்துச்சு, குவிஞ்சுச்சு, லோரி வரல."

அப்போதுதான் எனக்குப் பொறுக்காமல் போனது. மலாயில் கடகடவென்று சொல்லிவிட்டேன். புகார் செய்தது நான்தான், பேக்டரியைப் பற்றித்தான் செய்தேன், இவரைப் பற்றி இல்லை. அதிகாரி நோட்டைத் திருப்பிப் பார்த்தார். என்னை மேலிருந்து கீழ் பார்த்தார். "புவான் ரொஹானா?" என்றார். நான் தலையாட்டினேன். "புவானுக்குக் கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?" என்று கேட்டுவிட்டு, சம்மனைக் கோடு போட்டு அடித்தார். அதற்குப் பதில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்.

"இது குற்றமா, துவான்? குற்றம் செஞ்சேன்னு அர்த்தமா?"

"குற்றம் இல்லை. ஆனா பதிவு. ஃபைல்ல இருக்கும்."

"குத்தம் இல்லாட்டி ஃபைல்ல எதுக்கு?"

அதிகாரி ஃபைலை மூடி அடுக்கின் மேல் வைத்தார்.

பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தோம். மேரு ரோட்டில் பஸ் திரும்பும்போது வீரம்மாக்கா கேட்டார்.

"நீயா போன் பண்ணே?"

"பேக்டரிக்குத்தான்க்கா பண்ணேன்."

"அவன் உசரத்துல விடுறான். வந்தவனுக்குக் கழுத்து வலிக்குமில்ல, கீழதான் பாப்பான். இதுகூடத் தெரியாம பெரிய வாலுன்னு பேரு" என்றார். அப்புறம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மூன்று நாள் அவர் பலகை முன் வந்து நிற்கவில்லை. எதிர்ப்பக்கமாகவே கூட்டிக்கொண்டு போனார். நான் எண்ணைப் பெரிதாக, சிவப்பு மையில், ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் தெரிகிற மாதிரி எழுதிப் பார்த்தேன். திரும்பவில்லை.

நாலாம் நாள் பாரத்தோடு வந்தார். "கோவம் போகல. ஆனா உன் எழுத்துதான் நல்லா இருக்கு. எழுது."

பெயர், அப்பா பெயர், பிறந்த இடம் எல்லாம் சுலபமாகப் போனது. மூன்றாம் பக்கத்தில் அந்தக் கேள்வி வந்தது. எப்போதாவது சட்டத்தை மீறியது உண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

"இல்லைன்னு போடு. யாரும் போய் ஃபைலைத் தேட மாட்டான்" என்றார் பழனியப்பன் அங்கிள்.

"ஆமாக்கா, இல்லைன்னே போட்டுடுறேன்" என்றேன். என் கலாட்டாவுக்கு நானே பொய் எழுதிப் பரிகாரம் பண்ணிவிடலாம் என்று ஒரு நினைப்பு.

வீரம்மாக்கா கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லைன்னு போட்டு, அங்க ஃபைல்ல இருந்தா நான் பொய்க்காரி. ஆமான்னு போட்டா குத்தவாளி. அவரு குத்தமில்ல, பதிவுன்னாரே. அதுக்கு நடுவுல ஒரு கட்டம் இல்லையா?"

"இல்லக்கா."

"நல்லாப் பாரு."

நல்லாப் பார்த்தேன். இல்லை.

"சரி, ஆமான்னு போடு. ஆனா என்ன எரிச்சேன்னும் எழுது. காட்டை எரிச்சேன்னு நெனச்சுக்கப் போறாங்க."

ஓரத்தில் ஒரு வரிதான் இடம் இருந்தது. உலர்ந்த இலை, ஒரு குவியல் என்று மலாயில் எழுதினேன். ஒரு என்பதற்குக் கீழே கோடு போடச் சொன்னார். போட்டேன்.

நவம்பரில் மழை வந்தது. புகை போனது. வாய்மொழித் தேர்வில் எதற்கும் திணறவில்லையாம். இலையைப் பற்றி யாரும் கேட்கவே இல்லையாம். அது நல்லதா கெட்டதா என்று அவரும் நானும் பல மாதம் பேசிப் பார்த்தோம், முடிவுக்கு வரமுடியவில்லை.

தொண்ணூற்றொன்பது பிப்ரவரியில் கடிதம் வந்தது. உறையைப் பிரிக்காமலே கடைக்குக் கொண்டுவந்தார். முதல் வரியிலேயே வருத்தத்துடன் தெரிவிக்கிறோம் என்று இருந்தது. நான் அதற்கு மேல் மெதுவாகப் படித்தேன், மெதுவாகப் படித்தால் மாறிவிடும் போல.

"ஏன்னு போட்டிருக்கா?"

"போடலக்கா."

"பின்னால பாரு."

பின்னால் வெறும் வெள்ளை.

கடையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மலாய் சரியில்லை என்றார் பழனியப்பன் அங்கிள். பிறந்த தாள் இல்லாததுதான் என்றார் ஒருவர். வயதாகிவிட்டது, அதனால்தான் என்றார் காப்பி எடுக்க வந்த இன்னொருவர். நான் இலை என்று நினைத்தேன், சொல்லவில்லை. ஆமாம் என்று எழுதியது தப்போ, கோடு போட்டது தப்போ, போன் செய்தது தப்போ, அந்தச் சுமத்ராக் காட்டில் முதல் தீக்குச்சியைக் கிழித்தவனுக்கு எச்சரிக்கைக் கடிதமாவது போனதோ, எனக்கு ஒரு பக்கமும் பிடிபடவில்லை.

வீரம்மாக்கா கடிதத்தை நாலாக மடித்தார். "எது தப்புன்னு சொன்னாத்தானே அதைத் திருத்தலாம்? ஒண்ணும் சொல்லலன்னா எதைத் திருத்துறது?"

ஆற்றோர வீடுகள் இன்னும் நிற்கின்றன. பொருளாதாரம் படுத்ததில் உடைக்க வந்த மெஷினும் படுத்துவிட்டது. எவ்வளவு நாளைக்கு என்று தெரியாது.

"புது பாரம் ஒண்ணு எடு" என்றார்.

எடுத்தேன். முழுக்க அதேபோல எழுதச் சொன்னார், ஒரு எழுத்து மாறாமல். எழுதினேன். வயது மட்டும் ஐம்பத்து மூன்று. அதுவும் அவர் சொன்னதுதான்.